சிவப்பு விளக்கு

பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நிற்காது. அதுதான் சிக்கலே.

மியூனிக்குக்கு வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் பழைய பி.எம்.டபிள்யூ ஆர்1150ஆர்டி ஒன்று வாங்கினேன். இரண்டு சிலிண்டர்களும் இருபக்கம் கை நீட்டி நிற்கும் பாக்ஸர் எஞ்சின். பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் டிரைவ், செயின் கிடையாது. பெல்ட் இருப்பது எஞ்சினின் முன்பக்கம், கவருக்குள்ளே. கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து மேலே உட்கார்ந்திருக்கும் ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது அதன் வேலை. அறுபதாயிரம் கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிறது கம்பெனி. என் வண்டி எழுபத்தோராயிரத்தில் இருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் பெல்ட் மாற்றியதாக ஒரு வரி இல்லை. பார்த்தேன். அப்புறம் பார்த்துக்கலாம் என்று மூடி வைத்தேன்.

அக்டோபரில் நானும் மனைவியும் வால்ஹன்ஸே ஏரிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல குளிர். கைப்பிடி ஹீட்டர் முழுசாக எரிந்துகொண்டிருந்தது. மீட்டரில் பேட்டரி படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு வந்தது. எனக்கு ஆஃபீஸில் ராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட் வரும். பத்தில் ஒன்பது பொய். ம்யூட் பண்ணிவிட்டுத் தூங்கிப் பழகியவன். இதையும் மனசுக்குள் ம்யூட் பண்ணினேன். எஞ்சின்தான் நன்றாக ஓடுகிறதே.

ஓடியது, பேட்டரியைத் தின்றபடி. இந்த மாடலில் பிரேக்குக்கு மின்சார பம்ப் உதவி உண்டு. மின்சாரம் குறைந்தால் அந்த உதவி போய்விடும். மிஞ்சுவது நம் கைபலம் மட்டும். கெஸ்ஸல்பெர்க் இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் லிவரைப் பிடித்தேன். கட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. இரண்டாம் கியருக்கு இறக்கி, நாலு விரலாலும் நசுக்கி, எதிர்ப்பக்கக் கோட்டைத் தொட்டுத்தான் திரும்பினேன். எதிரே வண்டி வரவில்லை. அவ்வளவுதான் காரணம், நான் இதை எழுதுவதற்கு.

"என்னாச்சு?" என்றாள். "திடீர்னு பிரேக் போயிடுச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் வண்டியில் ஏறவில்லை.

இங்கே மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பட்டறைகள் உண்டு. ஒரு சனிக்கிழமை அங்கே இடம் பிடித்தேன். டார்ச் பிடிக்க அவளும் வந்தாள். சீட், பக்கத் தகடுகள், டேங்க் எல்லாவற்றையும் கழற்றி, பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு, முன் கவரைத் திறந்தால் பெல்ட் என்று ஒன்று இல்லை. கறுப்பு நூல்களும் ரப்பர் தூளும்தான். புல்லிகளின் பள்ளங்களில் சிக்கியிருந்ததைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டினேன்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஆல்டர்னேட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்களைத் தளர்த்தினால் அது கொஞ்சம் கீழே இறங்கும். புது பெல்ட்டின் நான்கு வரிகளும் பள்ளங்களில் சரியாக உட்கார வேண்டும். ஒன்று தள்ளி உட்கார்ந்தாலும் சீக்கிரம் பிய்ந்துபோகும். அட்ஜஸ்டரை டார்க் ரென்ச்சால் 8 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, அந்த நிலையிலேயே மற்ற போல்ட்களை முறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் பேரிங் போகும், குறைந்தால் பெல்ட் வழுக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பெல்ட் நேராக ஓடியது.

"இது எத்தனை ரூபாய் சாமான்?" என்றாள்.

"ரெண்டு பேர் நல்லா சாப்பிடற காசுதான்."

"அன்னைக்கு முன்னாடியே எதுவும் காட்டலையா வண்டி?"

டார்ச் வெளிச்சம் என் கையில்தான் விழுந்துகொண்டிருந்தது. "காட்டுச்சு. சிவப்பு லைட். இருபது நிமிஷமா எரிஞ்சுது. நான் கண்டுக்கல."

அவள் ஒன்றும் பேசவில்லை. எல்லாவற்றையும் மாட்டி, சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு ஸ்டார்ட் செய்தபோது மல்டிமீட்டரில் பதினாலு வோல்ட் வந்தது. காட்டினேன். பார்த்தாள். டார்ச்சை அணைத்துக் கொடுத்துவிட்டு, "நான் ட்ரெயின்ல வரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

ஏப்ரலில்தான் மறுபடி ஏறினாள். சாவி போட்டதும் அந்தச் சிவப்பு விளக்கு எரியும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையும். இப்போது ஒவ்வொரு முறையும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள்.

"அணைஞ்சுதா?"

"அணைஞ்சுது."

தானும் பார்த்த பிறகுதான் என் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள்.