வலியில்லா வீக்கம்

வலி வந்தால் வைத்தியம். வலி போனால் வேலை. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் நம்மவர் நெடுங்காலமாகக் கைக்கொண்ட மருத்துவ சாத்திரம் இவ்வளவே. பிறரைக் குறைகூற இதை எழுதினேனல்லேன். படித்தவன் என்று பெயரெடுத்த நானே அதற்கு அடிமையாயிருந்த கதை இது.

என் தந்தையார் சுவாவில் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கியவர். எழுபதைக் கடந்தவர், சுருட்டை மட்டும் கடவாதவர். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிறுநீரகக் கல்லென ஐயுற்று வயிற்றை ஸ்கேன் செய்வித்தோம். கல் இல்லை. ஆனால், இதயத்திற் புறப்பட்டு மார்பின் வழியே வயிற்றுக்குள் இறங்கும் பெருநாடி 4.1 சென்டிமீட்டர் அகன்றிருப்பதாக டாக்டர் கூறினார். அங்கு அதன் அகலம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டரே இருக்கவேண்டும். 3ஐத் தொட்டாலே வீக்கமென்பர். "இப்போது அறுவை வேண்டா; ஓராண்டில் மறுபடியும் அளக்கவேண்டும்" என்று சீட்டெழுதித் தந்தார்.

"நோவில்லாத வயிற்றுக்கு ஆஸ்பத்திரி எதற்கு, தம்பி?" என்றார் தந்தையார். ஒருநாள் விடுப்பு மிச்சமாயிற்றென்று நானும் வாளாவிருந்தேன். குறித்த நாள் கடந்தது.

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்பல்லோ மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். அவருக்கும் பெருநாடியிலேயே வீக்கம். மார்பைப் பிளவாமல், இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, உள்ளே ஸ்டென்ட் வைத்து வீக்கத்தை அடைத்தார்கள். செய்தியைப் படித்த எனக்கு, மறந்துபோன சீட்டு நினைவுக்கு வந்தது. அன்றிரவு உறக்கமில்லை.

மீண்டும் சென்றோம். டாக்டர் கடிந்துகொள்ளவில்லை, விளக்கினார். சைக்கிள் டியூபில் ஓரிடம் புடைத்தால், காற்றழுத்தம் கூடாவிடினும் அந்த இடம் மேன்மேலும் இழுபட்டு மெலிகிறதல்லவா? நாடியின் சுவரும் அப்படியே. வெடித்தால், மருத்துவமனை சேருமுன்பே மடிவோர் பலர். வெடிக்கும்வரை பெரும்பாலும் வலியே இராது. ஆகவே, வலியை நம்பிப் பயனில்லை, அளவையே நம்பவேண்டும். வயிற்றுப் பகுதியை ஒலியலை ஸ்கேன் கொண்டு கதிர்வீச்சின்றி அளக்கலாம். விலாவெலும்பும் நுரையீரலும் மறைக்கும் மார்புப் பகுதிக்கு சி.டி. ஸ்கேன் வேண்டும். ஓர் அளவு மட்டும் போதாது. முன்னளவோடு ஒப்பிட்டாலன்றி வளர்ச்சி விளங்காது.

"பழைய அறிக்கை உண்டா?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். தந்தையாரோ, அடையாள அட்டை வைக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, நாலாய் மடித்த தாளை நீட்டினார்!

புதிய அளவு 4.6. இனி மூன்று மாதத்துக்கொரு முறை, ஆண்களுக்கு 5.5 வந்தால் அறுவையை எண்ணுவோம் என்றார் டாக்டர். தந்தையார் சிரித்தார். "இளமரத்துக்கு நாடா பிடித்துச் சுற்றளவு எடுப்போம், ஐயா. 20 அங்குலம் வருமுன் கத்தி வைக்கமாட்டோம். இதுவும் அந்தக் கணக்குத்தானே?" நான் ஈராண்டாய் விளங்கிக்கொள்ளாததை அவர் ஒரு நொடியில் விளங்கிக்கொண்டார். எடுத்துச் சொல்வாரின்மையே குறை. அவரிடம் அறிவின்மை இல்லை. சொல்லவேண்டியவன் நானன்றோ?

மாமேதை ஐன்ஸ்டீனுக்கும் இதே வீக்கம். 1948இல் வயிற்றை அறுத்துப் பார்த்தே அதனை உறுதிசெய்தனர். 1955இல் அது வெடித்து மாண்டார். இன்று பிரிட்டனில் 65 வயது ஆண்களை ஒருமுறை அழைத்து, சில நிமிடங்களில் வயிற்றை அளந்து பார்க்கின்றனர். ஐன்ஸ்டீனுக்குக் கிட்டாத வசதி பால்மரம் வெட்டியவருக்குக் கிட்டியிருக்கிறது. அதைக் கைநழுவ விடலாமா?

அன்பர்களே! உங்கள் வீட்டில் 65ஐக் கடந்த, புகைபிடித்த பெரியவர் இருப்பின், டாக்டரிடம் இதைக் கேளுங்கள். அளந்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். குறித்த நாளைத் தவறவிடாதீர்கள். தந்தையார் சுருட்டை விட்டுவிட்டார். அடுத்த ஸ்கேனுக்குரிய தேதி எங்கள் வீட்டு நாள்காட்டியில், பொங்கலுக்கு மேலாகத் தடித்த எழுத்தில் நிற்கிறது.