லிஸ்ட் போட்டால் ரோபோதான் கிடைக்கும்!

எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியதும் அம்மா செய்த முதல் காரியம், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியதுதான். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அடுத்த பக்கத்தில் என் ஜாதகக் கட்டம். மூன்றாம் பக்கத்தில் ‘பெண் எப்படி இருக்க வேண்டும்?’ என்று தலைப்புப் போட்டு, வரிசையாக நம்பர்.

ஒன்று, நன்றாகச் சமைக்க வேண்டும். இரண்டு, அதிர்ந்து பேசக் கூடாது. மூன்று, பி.காம். போதும், எம்.காம். வேண்டாம். (மாப்பிள்ளை பி.காம்.!) நான்கு, கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது. ஐந்து, எந்நேரமும் சிரித்த முகம்.

பழியை அம்மா மேல் மட்டும் போட்டால் பெருமாள் மன்னிக்க மாட்டார். மூன்றும் ஐந்தும் என் கையெழுத்து.

லீவுக்கு வந்திருந்த அக்கா பெண், பத்தாவது படிப்பவள், நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்:

“மாமா, இது பொண்ணு தேடுற லிஸ்ட்டா, வாஷிங் மெஷின் வாங்குற லிஸ்ட்டா?”

“பெரியவங்க விஷயத்துல உனக்கென்ன?”

“இந்த லிஸ்ட்டுக்கு ரோபோதான் கிடைக்கும். அதுவும் நல்ல ரோபோவா இருந்தா ஒத்துக்காது. இதைப் படிச்சுப் பாருங்க” என்று தலையணை சைஸில் ஒரு படக்கதைப் புத்தகத்தை என் மடியில் போட்டாள். உண்டியலை உடைத்து வாங்கியதாம்.

எங்கள் ஊர் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். (மழைக்காலத்தில் தண்ணீர் கூடும், மற்ற நாட்களில் மணல் கூடும்!) பாலத்தைத் தாண்டிப் பழையசீவரத்தில் ரயில் ஏறினால், ஆபீஸ் போய்ச் சேரும்வரை நேரம்தான் நேரம். அங்கேதான் புத்தகத்தைத் திறந்தேன். எதிர் சீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “பொம்மை புக்கா சார்?” என்றார்.

“ஆபீஸ் விஷயம்” என்றேன்.

படக்கதை எனக்குப் புதிதல்ல. சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் அடுக்கி வைத்திருந்தார். 1972-ல் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவியை நான் பிறப்பதற்கு முன்பே வந்த உறவுக்காரர் மாதிரி பாவித்து வளர்ந்தவன். சட்டித்தலையன் ஆர்ச்சி என்றால் உயிர். ஆனால் ஆர்ச்சி, தான் யார் என்று ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. எதிரியைத் தூக்கிப் போட்டானா, வேலை முடிந்தது.

இந்தப் புத்தகம் வேறு ரகம். பெயர், ‘பேட்டில் ஏஞ்சல் அலிடா’. யுகிட்டோ கிஷிரோ என்ற ஜப்பான்காரர் 1990 முதல் 1995 வரை தொடராக வரைந்தது. 2019-ல் ஹாலிவுட் படமாகவும் வந்துவிட்டது.

ஆகாயத்தில் ஒரு நகரம். அங்கே கொட்டுகிற குப்பை கீழே மலையாகக் குவிகிறது. அந்தக் குப்பையைக் கிளறுகிற இடோ என்ற டாக்டருக்கு ஓர் இயந்திரப் பெண்ணின் தலை கிடைக்கிறது. உள்ளே இருக்கும் மூளைக்கு மட்டும் இன்னும் உயிர் இருக்கிறது. (மூளை மனித மூளை என்பதால் இவளை ஆண்ட்ராய்ட் என்று சொல்லக் கூடாது, சைபார்க் என்று சொல்ல வேண்டும் என்று அக்கா பெண் திருத்தினாள். ஆண்ட்ராய்ட் என்றால் அதுவரை எனக்குச் செல்போன்தான்.) டாக்டர் புது உடம்பு செய்து பொருத்துகிறார். அவளுக்குப் பெயர் ஞாபகமில்லை, ஊர் ஞாபகமில்லை. செத்துப்போன தன் பூனையின் பெயரை வைக்கிறார்!

டாக்டர் கெட்டவரல்ல. பாசக்காரர். அழகான பொம்மையாக, வெயில் படாமல் வீட்டில் வைத்துக்கொள்ள நினைக்கிறார். ஆனால் ஒரு சண்டையில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, தான் ஒரு வீராங்கனை என்று. உடம்பைக் கொடுத்தவர் வேண்டாம் என்று தடுத்தும், வேட்டைக்காரியாகப் பதிவு செய்துகொள்கிறாள்.

செங்கல்பட்டு வந்தது தெரியவில்லை.

அன்று ராத்திரி அக்கா பெண் வகுப்பெடுத்தாள். ‘ரோபோ’ என்ற வார்த்தையே செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ல் எழுதிய நாடகத்தில் வந்ததாம். அந்த மொழியில் கட்டாய உழைப்பு என்ற அர்த்தமுள்ள சொல்லிலிருந்து பிறந்தது. அதற்குப் பெண் உருவம் வந்ததும் பலருக்கு ஒரே ஆசைதான்: சொன்னதைச் செய்ய வேண்டும். 1927-ல் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ ஜெர்மன் படத்தில், தொழிலாளிகளை ஏமாற்ற முதலாளி பயன்படுத்துவது ஒரு பெண் ரோபோவைத்தான். 2024-ல் வந்த ஹிந்திப் படம் ஒன்றில் கிருத்தி சனோன் ரோபோ மணப்பெண். அதிர்ந்து பேசாத, எதற்கும் சரி சொல்கிற பெண் என்று வீடே உருகும். அப்புறம் கோளாறாகி அமர்க்களப்படும். எங்கள் நோட்டின் மூன்றாம் பக்கத்தைத்தான் படமாக எடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

“நம்ம சுஜாதா அப்பவே எழுதிட்டாரே” என்றேன், தோற்காமலிருக்க. ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ, சொன்னதைச் செய்யப் படைத்த பொம்மை நாய். அது புத்தகம் படித்து, சொந்தமாக யோசித்து, நிலாவுக்குத் துணை நிற்கும். 1980-களில் ஊரே அந்த நாயைக் காதலித்தது.

“நாய் யோசிச்சா ரசிக்கிறீங்க. பொண்ணு எம்.காம். படிச்சா மட்டும் வேண்டாமா மாமா?”

எனக்குத் திடீரென்று கொட்டாவி வந்தது.

தறியில் உட்கார்ந்திருந்த அப்பா அதுவரை வாயைத் திறக்கவில்லை. பட்டுத் தறிக்காரர், பேச்சை விரயம் பண்ண மாட்டார். “இந்த மெஷினுக்கெல்லாம் மூளை எப்படித் தாத்தா வந்துச்சு தெரியுமா? உங்க தலைக்கு மேலே தொங்குதே, அதிலேர்ந்துதான்!” என்றாள் பேத்தி.

ஜக்கார்டு பெட்டியைச் சொன்னாள். 1804-ல் பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் செய்தது. டிசைனைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். துளை இருந்தால் ஊசி நுழையும், அந்த இழை எழும்பும். துளை இல்லாவிட்டால் எழும்பாது. புடவையில் மயிலும் அன்னமும் இப்படித்தான் வருகின்றன. இந்த அட்டை யோசனையைத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்குக் கடன் வாங்கினார். கம்ப்யூட்டருக்கு அது பாட்டி என்றால், அட்டை கொள்ளுப்பாட்டி!

அப்பா நாடாவை நிறுத்தினார். “அட்டையில குத்தாத பூ புடவையில வராது. அட்டையில இல்லாததை ஒண்ணு செஞ்சா, அது தறி இல்லே... ஆள்” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “நீ குத்தி வெச்சிருக்கிற அட்டையை நானும் படிச்சேன்டா” என்றார்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதற்கு முன் இரண்டு வீட்டில் போய் பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டிருக்கிறோம். இரண்டிலும் அம்மா நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டார், நான் தலையாட்டினேன். ஒரு பெண், பாங்க் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொன்னாள். அம்மா “அதெல்லாம் எதுக்கும்மா இனிமே?” என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் பஜ்ஜியைப் பார்த்தேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவது வீட்டுக்குக் கிளம்பும் முன் அம்மாவிடம் பேசினேன். “வேலைக்குப் போற மருமக நம்ம ஊருக்குச் சரிப்படாதுடா” என்றார்.

“நீ சனிக்கிழமை தவறாம போறியே வெங்கடேசப் பெருமாள் கோயில், அந்தச் சுவத்துல என்ன எழுதியிருக்கு தெரியுமாம்மா? வீரராஜேந்திர சோழன் காலத்துல இங்கே பதினஞ்சு படுக்கையோட ஆஸ்பத்திரி நடந்திருக்கு. வைத்தியர், அறுவை செய்யறவர், மருந்து கொடுக்க ரெண்டு பெண்கள், எல்லாருக்கும் சம்பளக் கணக்கு இருக்கு. 11-ஆம் நூற்றாண்டிலேயே நம்ம ஊர்ப் பொம்பளைங்க வேலைக்குப் போயாச்சு!”

“பெருமாள் சுவத்துலயா?” என்று கேட்டவர், அப்புறம் எதுவும் சொல்லவில்லை. நோட்டை மட்டும் பையில் எடுத்துக்கொண்டார். ஆனால் அங்கே அதைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் எம்.காம். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?” என்றேன். சபை அதிர்ந்தது.

“உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?” என்றாள்.

“வெந்நீர் வைப்பேன்.”

“வேற?”

“ஆற வைப்பேன்.”

சிரித்தாள். எந்நேரமும் சிரிக்கிற முகமல்ல. சிரிப்பு வந்ததால் சிரித்தாள். அப்புறம், “யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். வழக்கமாக நாங்கள் சொல்கிற டயலாக்!

வீடு திரும்பியதும் அக்கா பெண்ணிடம் ஒப்புக்கொண்டேன். அஞ்சு மணிக்கு எழுந்து, அதே ரயிலில் ஏறி, மெஷினில் விரல் வைத்து வருகை பதிந்து, மேனேஜர் சொன்னதற்கும் அம்மா சொன்னதற்கும் தலையாட்டிக்கொண்டு... இந்த வீட்டில் ஒரு ரோபோ முப்பது வருஷமாக இருக்கிறது. வெளியே தேட வேண்டிய அவசியமே இல்லை.

“பரவாயில்லே மாமா. அலிடாவுக்கும் லேட்டாதான் ஞாபகம் வந்துச்சு” என்றாள்.

மூன்றாம் பக்கத்தை நானே கிழித்தேன். பெண் வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. இத்தனை காலம் எத்தனை வீட்டில் இப்படிக் காத்திருந்திருப்பார்கள்!

இதற்கிடையில் அடுப்படியில் ரசம் வரை வந்திருக்கிறேன். நேற்று வைத்ததை அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

“அட்டையில எங்கேயோ துளை மாறிப்போச்சுடா.”