கனுலேயுஸ் வீட்டுக் கலியாணச் சட்டம்

பள்ளிக்கூடத்தில் உரோம வரலாறு என்று நாங்கள் படித்தது சீசரையும் அகஸ்டஸையும்தான். கனுலேயுஸ் என்ற பெயரை ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. எங்கட வாசிப்பு வட்டத்தில் லிவியின் வரலாற்றை எடுத்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

கனுலேயுஸ் ஒரு பிளெபியன் குடும்பம். உயர்குடியான பெற்றீசியன்களுக்கு வெளியே நின்ற குடிமக்கள் எல்லாரும் பிளெபியன்கள்தான். அதில காசுக்காரரும் இருந்தினம். ஆனால் பிறப்பு என்று வந்தால் காசு எடுபடாது. கி.மு. 450 அளவில் எழுதிய பன்னிரண்டு பலகைச் சட்டம் இரண்டு தரப்பும் கலந்து கலியாணம் கட்டக்கூடாது என்றது.

கி.மு. 445இல் காயுஸ் கனுலேயுஸ் திரிபியூனாக, அதாவது பிளெபியன் மக்களின் பிரதிநிதியாக இருந்தார். அந்தத் தடையை எடுக்கச் சொல்லிக் கேட்டார். இரத்தம் கலங்கிப்போகும், தெய்வக் குறி பார்க்கிற உரிமை கெட்டுப்போகும் என்று பெற்றீசியன்கள் குதிச்சினம். எல்லையில் போர் வரும்போல இருந்த நேரம். தடையை எடுக்குமட்டும் படைக்கு ஆள் சேர்க்க விடமாட்டன் என்று மனுசன் நின்றார். கடைசியில் சட்டம் நிறைவேறியது.

லிவி அவருக்கு ஒரு நீண்ட பேச்சு எழுதியிருக்கிறார். நானூறு வருசத்துக்குப் பிறகு எழுதியது, ஆகவே சொற்கள் லிவியுடையவை. ஆனாலும் அந்த வாதம் எங்களை விடேல்ல: ஒருவரையும் கட்டாயப்படுத்திப் பெண் கேட்கவில்லை, விருப்பமில்லாட்டி விடுங்கள், சட்டம் போட்டுத் தடுப்பதுதான் அவமானம். வாசிச்சு முடிய, கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல. எங்களில் சிலருக்கு வீட்டில கலியாணப் பேச்சு நடக்கிற வயசு.

பிறகு கி.மு. 171க்கு வந்தோம். ஸ்பெயினில் 4,000க்கும் மேற்பட்டோர் தங்களுக்கு வாழ ஒரு ஊர் தரும்படி செனட்டைக் கேட்டார்கள். தகப்பன்மார் உரோமப் படையினர், தாய்மார் அந்த நாட்டுப் பெண்கள். அந்தக் கலியாணங்களை உரோமச் சட்டம் ஏற்கவில்லை. அவர்கள் ஆளுநரிடம் பெயர் பதிய வேண்டும், கார்த்தேயாவில் குடியேற்றலாம் என்று செனட் முடிவெடுத்தது. ஆளுநரின் பெயர் லூசியுஸ் கனுலேயுஸ். 274 வருசம் கழித்து, அதே குடும்பப் பெயர், அதே கலியாணப் பிரச்சினை.

குடியரசுக் காலம் முழுக்க அந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் கொன்சல் ஆகேல்ல. ஆனாலும் இரண்டு கனுலேயுஸ்மாரின் பெயர் எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் தாய்மாரைத் தேடி அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்தோம். லிவி ஒருத்தியின் பெயரையும் எழுதேல்ல.