கோபி பக்கம் போனால் சந்தகை சாப்பிடுங்கள்!

சத்தியமங்கலத்திலிருந்து கோபிசெட்டிபாளையம் போகும் வழி முழுக்கப் பச்சைதான். பவானி ஆற்றின் குறுக்கே உள்ள கொடிவேரி அணைக்கட்டில் இருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் சுமார் 24,500 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. நெல், மஞ்சள், வாழை, கரும்பு, வரப்போரம் தென்னை. இந்த வயல்களில் விளைவதை வைத்தே இங்குள்ள வீடுகளில் செய்யும் பலகாரம்தான் சந்தகை.

பயிர் பார்க்கப் போன ஒரு வீட்டில், "உக்காருங்க சார், ஒரு வாய் சந்தகை சாப்பிட்டுட்டுப் போலாங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. அரிசி ஏற்கெனவே ஊறியிருந்தது. ஆட்டி, வேகவைத்து, பிழிந்து தட்டில் வைக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

செய்முறை எளிது. ஒரு கிலோ இட்லிப் புழுங்கலரிசியை 4 மணி நேரம் ஊறவைத்து, உப்புச் சேர்த்து மையாக ஆட்ட வேண்டும். உளுந்து வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். இட்லித் தட்டில் ஊற்றி 15 நிமிடம் வேகவைத்து, சூடு குறையும் முன் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் மாவுச்சத்து இறுகிவிடும். பிழியக் கை வலிக்கும், இழையும் அறுந்துபோகும். ஏ.எஸ்.டி. 16, ஏ.டி.டி. 37 போன்ற குண்டு ரகங்கள் இதற்கு ஏற்றவை.

பிழிந்ததில் பாதிக்குத் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும். பழனி பஞ்சாமிர்தத்துக்கு வாங்கும் கவுந்தப்பாடிச் சர்க்கரை பக்கத்தில்தானே கிடைக்கிறது! மீதிக்குக் கடுகு, கடலைப்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூள் போட்டு, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். பிள்ளைகளுக்குக் கேரட், பீன்ஸ் வதக்கிச் சேர்க்கலாம். அரிசியில் பாதியைக் குறைத்துக் கேழ்வரகு மாவு கலந்தும் பிழியலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு.

அந்த வீட்டுப் பேரன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கு நூடுல்ஸ்தான் வேணும் அப்பத்தா" என்றான். "இதும் நூடுல்ஸ்தான் கண்ணு, நம்ம காட்டு நூடுல்ஸ்" என்று எலுமிச்சைச் சந்தகையை அவன் தட்டில் வைத்தார் அந்த அம்மா. முதலில் ஒரு இழையை உறிஞ்சிப் பார்த்தான். பிறகு தட்டு காலியானது.

சிரித்துவிட்டு வரக்கூடிய விஷயம் இல்லை இது. பாக்கெட் நூடுல்ஸ் பெரும்பாலும் மைதாவில் செய்து, பாமாயிலில் பொரித்தெடுத்தது. நாட்டுக்குத் தேவையான பாமாயிலில் பெரும்பகுதி இறக்குமதிதான். தேங்காய்க்கு விலை இல்லை என்று நாம் புலம்பும் நாளிலேயே, நம் வீட்டுக் காசு அந்தப் பாக்கெட்டுக்குப் போகிறது. அறுவடையான நெல் முழுவதையும் களத்திலேயே எடைபோட்டு அனுப்பிவிட்டு, இட்லி அரிசியைக் கடையில் வாங்கும் வீடுகளும் பெருகிவிட்டன.

அடுத்த அறுவடையில் 100 கிலோ நெல்லை வீட்டுக்கென்று ஒதுக்குங்கள். ஊறவைத்து, உமி வெடிக்கும்வரை வேகவைத்து, நிழலில் உலர்த்தி அரைத்தால் சுமார் 65 கிலோ புழுங்கலரிசி கிடைக்கும். தவிடு மாட்டுக்கு ஆகும். பரணில் கிடக்கும் சந்தகை அச்சை இறக்கி, துரு போகத் தேய்த்து, நல்லெண்ணெய் தடவி வையுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.