ஊட்டுப்புரையில் நிற்கும்போது

பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு, அதாவது அரண்மனைக்கு, வருகிறவர்களில் பலர் என்னிடம் முதலில் கேட்பது, “நாகவல்லி ரூம் எதுங்க?” 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை. நாகவல்லி அந்தப் படத்தின் கதையில் பிறந்தவள் என்று சொன்னால் முகம் வாடிவிடும். இங்கே வாழ்ந்தவர்களை அந்த முகங்களுக்கு முன் எழுப்பி நிறுத்துவதுதான் வழிகாட்டியான என் தொழில். கட்டடம் இடம் தருகிற அளவுக்கே கற்பனை செய்வேன்.

மந்திரசாலையில் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கச் சொல்வேன். சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகிய கருந்தரை காலைக் குளிர்விக்கும். சன்னல்களில் வண்ண மைக்கா. உச்சி வெயிலிலும் உள்ளே மங்கல் வெளிச்சம்தான். முகத்தைவிடக் குரலைக் கவனித்துத்தான் இங்கே ஆலோசனை நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். அந்தக் காலத்துத் திருவிதாங்கூரின் பெரிய பேச்சு மிளகு. 1741இல் கொளச்சலில் டச்சுக்காரர்களை மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்த போருக்குப் பின்னாலும் மிளகு இருந்தது.

1750இல் அவர் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாசனாக இருந்து ஆண்டார். உப்பரிகை மாளிகையின் அடுக்கைப் பார்த்தாலே அது விளங்கும். கீழே கருவூலம், அதற்கு மேல் மன்னரின் கட்டில், உச்சித் தளம் சாமிக்கு.

சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரையில் மட்டும் நான் அவசரப்பட மாட்டேன். நீண்ட இரண்டு தளங்கள். தளத்துக்கு ஆயிரம் பேர் சாப்பிடலாம் என்பார்கள். எண்ணைச் சொல்லி நகர்ந்துவிட்டால் அது வெறும் எண். ஒரு வேளைக்கு எத்தனை வாழையிலை அறுக்க வேண்டும்? விறகு எங்கே அடுக்கினார்கள்? அத்தனை அரிசி களையத் தண்ணீர் இறைத்த கைகள் யாருடையவை? பக்கத்திலிருக்கும் பெரிய ஊறுகாய்ச் சாடிகளைக் காட்டி, இதை நிரப்ப எத்தனை கூடை மாங்காய் வந்து இறங்கியிருக்கும் என்று கேட்பேன். கேள்வி கேட்கக் கேட்க அந்த வெற்றுக்கூடத்தில் ஆட்கள் நடமாடத் தொடங்குவார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமாட்டேன். திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகளின் பந்தி பிராமணர்களுக்கானது. பக்கத்தில் இருக்கிற நாஞ்சில் நாடுதான் அரசின் நெற்களஞ்சியம். அந்த வயல்களில் சேற்றில் நின்றவர்களுக்கு இங்கே இலை போட்டதில்லை. இதைச் சொல்லும்போது சில பெரியவர்களுக்குப் பிடிப்பதில்லை. ஆனால் சேற்றில் நின்றவர்களை விட்டுவிட்டு அரசவையைக் கற்பனை செய்தால் பாதி ஆட்களை வெளியே நிறுத்திய மாதிரி ஆகிவிடும்.

நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இங்கிருந்த தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபின் விழாவும் அங்கே போய்விட்டது. அதனால் கொட்டாரத்துச் சரஸ்வதியும் குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் இங்கிருந்து புறப்படுகிறார்கள். உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறும். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, நடந்தேதான் ஊர்வலம் போகும். அன்றைக்கு என் விளக்கம் யாருக்கும் தேவைப்படாது. தெருவோரம் நின்று பார்த்தால் போதும்.