மாட்டுத்தாவணியில் பஸ் ஏறாமலே ஐ.டி வேலை... மதுரையில் சாத்தியமா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மதுரை மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பாருங்கள். முதுகில் லேப்டாப் பை, கையில் அம்மா கட்டிக்கொடுத்த பொடி டப்பா என்று சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறும் இளைஞர் கூட்டம். சாப்ட்வேர் படித்தால் ஊரை விட வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத விதி.

அந்த விதி மெல்லத் தளர்கிறது. பாண்டி கோயிலுக்குப் பக்கத்தில் இலந்தைக்குளம் எல்காட் பூங்கா, ஹெச்.சி.எல் அங்கேதான் இருக்கிறது. தேனி சாலையில், காமராஜர் பல்கலைக்கழகத்தை அடுத்து வடபழஞ்சி. பல வருடங்கள் பெரும்பாலும் காலியாகக் கிடந்த இந்தப் பூங்காவுக்கு, 2022-ல் பினாக்கிள் இன்ஃபோடெக் வந்தது. கட்டடங்களைக் கணினியில் முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் நிறுவனம் அது. மாட்டுத்தாவணி அருகிலேயே 314 கோடி ரூபாயில் டைடல் பார்க்குக்கு 2025 பிப்ரவரி 18-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

கட்டடம் வந்துவிட்டால் போதுமா? சென்னையில் ஒரு ஸ்டார்ட்அப் மூடினால், அதே ஓ.எம்.ஆரில் அடுத்த கம்பெனியின் கதவைத் தட்டலாம். இங்கே மூடினால் மறுபடி பஸ்தான். அந்தப் பயம் இருக்கும்வரை வீட்டில் யாரும் 'சொந்தமா ஆரம்பி' என்று சொல்ல மாட்டார்கள்.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ அலுவலகம் திறந்தது. 'ஜோஹோ டெஸ்க்' உருவானது அங்கேதான். கிராமத்தில் முடிந்தது, தூங்கா நகரத்தில் முடியாதா என்ன?