பசியாறாப் பொழுதுகள்

மலேசியத் தமிழரின் நாவில் காலை உணவுக்கென்று தனிச்சொல் ஒன்று உண்டு. தமிழகத்தார் சிற்றுண்டி என்றும் டிபன் என்றும் வழங்குவதை இவர்கள் ‘பசியாறுதல்’ என்பர். காலையில் எதிர்ப்படுவோரிடம் ‘பசியாறிவிட்டீர்களா?’ என்றே கேட்பர். என்ன உண்டார் என்பதையன்று, பசி தணிந்ததா என்பதையே அவ்வினா நாடுகின்றது.

பசியைத் தீயாகவும் பிணியாகவும் எண்ணியது தமிழ் மரபு. ஆனைத்தீ என்னும் அடங்காப் பசிநோயால் துன்புற்ற காயசண்டிகைக்கு அமுதசுரபியின் உணவால் அந்நோய் தீர்ந்ததை மணிமேகலைக் காப்பியம் கூறும். வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டு தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகின்றது. பிறர் பசியைத் தணிப்பதே அறங்களுள் தலையாயது என்று போற்றிய இனம் இது. அவ்வினத்தில் பிறந்த ஒருவர், கையில் சோறும் கறியும் இருக்கவும் தாமே விரும்பிப் பசித்திருக்க வேண்டும் என்றால், அஃது எளிதில் விளங்கும் செய்தியன்று. ஆயினும் அந்நிலை இன்று பலருக்கு நேர்ந்திருக்கின்றது.

மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, 2019ஆம் ஆண்டில் நாட்டின் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2023இல் இவ்வளவு 54.4 விழுக்காடாக உயர்ந்தது. 2019ஆம் ஆண்டின் ஆய்வில் இந்திய வம்சாவளியினரில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு மூவர் நீரிழிவு உடையவராய் இருந்தனர். பிற இனத்தாரினும் இது மிகுதி. மக்கள் இன்னும் ‘இனிப்புநீர்’ என்றே அழைக்கும் அந்நோய் புகாத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அரிது. கால்விரல் இழந்த பெரியப்பாவும், கண்ணொளி மங்கிய அத்தையும், வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் மாமாவும் ஒவ்வோர் உறவு வட்டத்திலும் இருக்கின்றனர்.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் அமைந்துள்ள செபராங் ஜெயாவை எடுத்துக்கொள்ளலாம். 1970களில் பினாங்கு வளர்ச்சிக் கழகம் உருவாக்கத் தொடங்கிய புறநகர் இது. இங்குள்ள சாலைகள் சிலவற்றுக்கு மீன்களின் பெயர்களைச் சூட்டியிருக்கின்றனர். தெங்கிரி என்று ஒரு வீதி. தோடாக் என்று ஒரு சாலை. முகவரி எழுதும்போதே குழம்பு நினைவுக்கு வரும் ஊர் எனலாம். ரொட்டி சானாயும் நாசி கண்டாரும் மணக்கும் கடைகளுக்கு இங்குக் குறைவில்லை.

இந்நிலப்பகுதியின் பழங்கதையிலும் இனிப்பு கலந்திருக்கின்றது. புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்று ஆங்கிலேயர் அழைத்த இம்மண்ணில், 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பரவியிருந்தன. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த ஒப்பந்தத் தொழிலாளர் அக்கரும்பை நட்டனர், வெட்டினர். பின்னர்க் கரும்பின் இடத்தை ரப்பரும் தென்னையும் பிடித்தன. பொழுது புலருமுன் எழுந்து பால்மரம் சீவி, வாளி சுமந்து, காடு மேடெல்லாம் நடந்த உடலுக்கு மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு தேவையாயிற்று. அச்சோறு அன்று மிகையன்று. கூலியின் மறு வடிவம். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் பிறைத் தொழிற்பேட்டையின் தொழிற்சாலைகளிலும், அலுவலகங்களிலும், பள்ளிகளிலும் அமர்ந்தோ நின்றோ வேலை செய்கின்றனர். நடை குறைந்தது, சுமை குறைந்தது, தட்டு மட்டும் தோட்டத்துத் தட்டாகவே இருக்கின்றது.

செபராங் ஜெயாவில் வாழும் தமிழாசிரியை ஒருவரின் அனுபவம் இதற்குச் சான்றாகும். ஐம்பதைக் கடந்த அவருக்குச் சில ஆண்டுகளாக நீரிழிவு. அவருடைய தந்தையார் அந்நோயால் ஒரு காலை இழந்தவர். எடை 78 கிலோவை எட்டியபோது, அதனைக் குறைத்தாலன்றி மருந்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று மருத்துவர் கூறினார். நாளொன்றுக்கு 1,500 கலோரி என்று உணவு ஆலோசகர் வரையறுத்தார். ஆசிரியை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். மாணவரின் கட்டுரைகளைத் திருத்தும் அதே சிவப்பு மையால் தம் உணவையும் கணக்கெழுதலானார். ஒரு ரொட்டி சானாய்க்கு ஏறத்தாழ 300. ஒரு கிண்ணச் சோற்றுக்கு ஏறத்தாழ 200. தாளிக்கும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120. தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பால் இரண்டு கரண்டிக்கு 130. கணக்கு எளிதாய்த்தான் இருந்தது. பசிதான் கணக்குக்குள் அடங்கவில்லை.

முதல் வாரம் ஊக்கத்தில் கழிந்தது. இரண்டாம் வாரத்தில் பசி தன் வேலையைக் காட்டியது. காலை பத்தரை மணிக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலிருந்து வரும் மணம், இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கும் வாயை நிறுத்தியது. இரவில் உறக்கம் கலைந்து, சமையலறை விளக்கைப் போடாமலே பிஸ்கட் டப்பாவைத் தேடும் நிலை வந்தது. சிறு பிழைக்கும் பிள்ளைகளிடம் சினம் மூண்டது. இத்தனை ஆண்டு கற்றும் கற்பித்தும் ஒரு வயிற்றை அடக்க இயலவில்லையே என்று அவர் தம்மையே நொந்துகொண்டார்.

வீட்டில் வேறொரு போராட்டம். அவருடைய மாமியார் ஜப்பானியர் காலத்தில் ஐந்தாறு வயதுச் சிறுமியாக இருந்தவர். 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குச் சென்றபின், அரிசி அரிதாயிற்று. தோட்டப்புறத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு நாள்களைக் கடத்தினர். அக்காலத்தை உண்டு வளர்ந்தவருக்கு மெலிவு என்பது அழகன்று, நலமன்று, வறுமையின் அடையாளம். மருமகளின் தட்டைக் கண்டதும் அவர் பதறுவார். “ஏம்மா, இவ்வளவுதானா சோறு? பூனைக்கா போடுற? உடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்பார். “போதும் அத்தை” என்று சொல்லி முடிக்குமுன் மற்றோர் அகப்பைச் சோறு தட்டில் விழும். அகப்பையில் வந்தது அன்பு. அதைக் கலோரியாக எழுதும்போதெல்லாம் ஆசிரியைக்கு மனம் கூசியது.

இவ்விடத்தில் கலோரிக் கணக்கின் தன்மையைச் சற்று ஆராய்தல் வேண்டும். உணவு உடலுக்குத் தரும் ஆற்றலின் அளவே கலோரி. அமெரிக்க அறிஞர் அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கொண்ட ஆய்வுகளின் பயனாய், ஒரு கிராம் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் நான்கு, கொழுப்புக்கு ஒன்பது என்னும் கணக்கு நிலைபெற்றது. அக்கணக்கு ஆற்றலை அளக்கும், பசியை அளக்காது. 1995இல் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர் 38 உணவுகளை ஒரே அளவு ஆற்றல் தரும் பங்குகளாக, அதாவது பங்குக்கு ஏறத்தாழ 240 கலோரியாகத் தந்து, உண்டோரின் நிறைவை அளந்தனர். வெள்ளை ரொட்டி தரும் நிறைவை 100 என்று கொண்டால், அவித்த உருளைக்கிழங்கு 323 பெற்றது. வெண்ணெய் மிகுந்த குரோசான் ரொட்டி 47 மட்டுமே பெற்றது. கலோரி ஒன்றே, வயிறு கூறும் விடையோ வேறு. ஆகவே, எத்தனை கலோரி என்று மட்டும் கேட்டு, எதிலிருந்து வந்த கலோரி என்று கேளாதவர் வீணே பசியில் வாடுவர்.

பசியைத் தாங்காமை மனத்தின் தளர்ச்சியா என்னும் வினாவுக்கும் வரலாற்றில் விடை இருக்கின்றது. மலாயாவில் மரவள்ளிக்கிழங்கு உண்ட அதே 1945ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். போரிட மறுத்த இளைஞர் 36 பேர், போரால் பட்டினியுற்ற மக்களுக்கு உதவும் பொருட்டுத் தாமே முன்வந்து பசித்திருந்தனர். 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 1,570 கலோரி அளவே உணவு தரப்பட்டது. உறுதியான கொள்கையும் நல்ல உடல்நலமும் கொண்ட அவ்விளைஞர்கள் என்ன ஆயினர்? இரவும் பகலும் உணவையே நினைந்தனர். சமையல் நூல்களைச் சேர்த்துப் படித்தனர். தட்டை நக்கினர். சிரிப்பை மறந்து சிடுசிடுத்தனர். கொள்கைக்காகச் சிறை செல்லவும் துணிந்தவர்களின் உறுதியையே பசி இவ்வாறு அசைத்தது என்றால், ஓர் ஆசிரியை பிஸ்கட் டப்பாவைத் தேடியதில் வியப்பென்ன? அவ்விளைஞர் மெலிந்த உடலினர். வாரந்தோறும் 22 மைல் நடந்தவர். மிகை எடையுள்ளவரின் நிலை அவ்வளவு கொடிதன்று. எனினும் பசித்த மனத்தின் போக்கு ஒன்றே.

பின்வந்த அறிவியல் இதன் காரணத்தையும் காட்டியது. 1994இல் கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டின் கண்டறியப்பட்டது. 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் இரைப்பையிலிருந்து சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீரைக் கண்டனர். எடை குறையும்போது லெப்டின் குறைகின்றது, கிரெலின் கூடுகின்றது. 2011இல் வெளிவந்த மெல்பர்ன் ஆய்வொன்று, எடை குறைத்தவர்களின் உடலில் ஓராண்டுக்குப் பிறகும் இம்மாற்றங்கள் நீடிப்பதைக் கண்டது. பஞ்சங்களைக் கடந்துவந்த உடல், கையிருப்புக் குறைந்ததும் எச்சரிக்கை மணி அடிக்கின்றது. அது பகையன்று, பழைய காவலாளியின் கடமையுணர்ச்சி. இதனை அறிந்த நாளில் ஆசிரியைக்குத் தம்மீதிருந்த வெறுப்பு அகன்றது. காவலாளியை அடித்து வீழ்த்த வேண்டியதில்லை. அமைதிப்படுத்தினால் போதும் என்று தெளிந்தார்.

அமைதிப்படுத்தும் வழிகளை அவர் ஒவ்வொன்றாகக் கண்டார். மலேசிய சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் ‘கால், கால், அரை’ முறைப்படி தட்டின் கால் பங்கில் சோறு, கால் பங்கில் மீனோ முட்டையோ பருப்போ, மீதி அரைப் பங்கில் காய்கறியும் பழமும் வைத்தார். கங்கோங் கீரையும் அவித்த பயறும் தட்டை நிரப்பின. கணக்கையோ குறைவாகவே கூட்டின. காலையில் புரதம் சேர்ந்த உணவு உண்டால் பத்தரை மணி வேதனை குறைவதைக் கண்டார். பசி அலைபோன்றது, வழக்கமான உணவு வேளையில் எழும்பி, உண்ணாவிடினும் சிறிது நேரத்தில் சற்றே தணியும் என்பதைப் பட்டறிந்தார். கடையில் ‘தே ஓ கோசோங்’ என்று கேட்கப் பழகினார். கோசோங் என்னும் மலாய்ச் சொல்லுக்கு வெறுமை என்பது பொருள். சீனி இல்லாத வெறுந்தேநீர் அது. இரவு நன்கு உறங்கிய மறுநாள் பசியும் கட்டுக்குள் நின்றது.

ஒருநாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது, எழுத்து இரண்டாகத் தெரிந்தது. அன்று காலை மாத்திரை உண்டிருந்தார், பசியாறவில்லை. முன்வரிசை மாணவி ஓடிச்சென்று இனிப்பு நீர் கொணர, கால் மணி நேரத்தில் தெளிந்தார். அது பொறுத்துக்கொள்ள வேண்டிய பசியன்று. இரத்தத்தில் சர்க்கரை இறங்கியதன் அபாயக் குறி. சர்க்கரையை இறக்கும் மாத்திரைகள் சிலவற்றையோ இன்சுலினையோ பயன்படுத்துவோர், மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைப்பதும் வேளையைத் தவிர்ப்பதும் உயிருக்கே ஊறு விளைக்கும். பசியைப் பொறுப்பது வேறு. உடலின் எச்சரிக்கையைப் புறக்கணிப்பது வேறு. மறுவாரம் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

தமிழர்க்கு விரதம் புதிதன்று. தைப்பூசக் காவடிக்கென நாள்கணக்கில் ஒரு வேளை உணவுடன் இருந்து தண்ணீர்மலை ஏறுவோர் பினாங்கில் பலர். அவர்கள் அதனைத் தாங்குவது எவ்வாறு? விரதத்துக்கு முடிவு நாள் உண்டு, நோக்கம் உண்டு, உடன் நோற்கும் கூட்டம் உண்டு. வீடே அவர்களுக்காகச் சமையலை மாற்றிக்கொள்ளும். எடை குறைப்போர்க்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர்களின் நோன்புக்குத் திருவிழா இல்லை. உறவினர் வீட்டுத் திருமணத்தில் ‘ஒருநாள் சாப்பிட்டால் என்ன?’ என்று கேலி பேசுவோரே மிகுதி. பசியினும் அத்தனிமையே அவர்களைத் தோற்கடிக்கின்றது.

ஆசிரியை வென்றதும் இங்குத்தான். ஒருநாள் மாமியாரின் அருகில் அமர்ந்து, தம் தந்தையார் கால் இழந்த கதையை முதன்முறையாக முழுதும் சொன்னார். மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் முதல் அகப்பையில் சோற்றுக்கு மாறாகக் கீரை வந்தது. “அந்தக் காலத்துல கிழங்கோட இலையையும்தான் தின்னோம். கீரை தின்னு செத்தவங்க யாரும் இல்ல” என்றார் அவர். ஊட்டும் கை நிற்கவில்லை. ஊட்டும் பொருள்தான் மாறியது. எட்டுத் திங்களில் ஆசிரியையின் எடை 72 கிலோவுக்கு இறங்கியது. அவ்வளவுதான். பெரிய வெற்றி என்று சொல்வதற்கில்லை. ஆனால் மருந்து கூடவில்லை.

பசித்தவர்க்குச் சோறிடுதல் அறம் என்பதில் இன்றும் ஐயமில்லை. நோயின் பொருட்டுப் பசித்திருப்பவரைக் கேலி செய்யாமல், அவர் தட்டில் மேலும் ஓர் அகப்பை வீழ்த்தாமல், அவரோடு அமர்ந்து அதே கீரையை உண்பதும் அவ்வறத்தின் பாற்பட்டதே. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பெரிதும் அளவறிந்து உண்ணுதலையே பேசுகின்றது என்பதை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர்கள், அவ்வளவைக் காக்க ஒருவருக்கு வீட்டார் துணையும் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். செபராங் ஜெயாவின் வீடுகளில் நாளைக் காலையும் ‘பசியாறியாச்சா?’ என்னும் குரல் எழும். அக்கேள்விக்கு ‘அளவாய் ஆறிற்று’ என்று ஒருவர் விடை கூறினால், அதனை வறுமை என்று எண்ணாமல் நலம் என்று ஏற்கும் வீடே அவருக்கு மருந்தாகும்.